கூதிர்காலத்து இரவு உணவு

உணவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நாம் பெரும்பாலும் விருந்தைப் பற்றியே பேசுகிறோம். தீபாவளிப் பலகாரத்துக்கும் திருமணப் பந்திக்கும் நூல்களில் இடம் உண்டு. ஆனால், ஆண்டின் பெரும்பகுதி நாம் உண்பது விருந்தன்று. நாள்தோறும் அடுப்பில் கொதிக்கும் எளிய சோறும் குழம்புமே. அந்த எளிய உணவைப் பற்றி, அதிலும் போடிநாயக்கனூரிலும் அதன் மேலே எழுந்து நிற்கும் ஏலமலைச் சரிவுகளிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வீட்டுக்கு வீடு பகிர்ந்துகொள்ளும் இரவு உணவைப் பற்றிச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

முதலில் பருவத்தைப் பார்ப்போம். நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மேனாட்டார் இலையுதிர்காலம் என்று கூறும் மாதங்கள் இவையே. ஆயினும், எங்கள் மலையில் அப்போது காடு வெறுமையாவதில்லை, பசுமை பெருகுகிறது. தென்மேற்குப் பருவமழையை மலைத்தொடர் மறைத்துக்கொள்வதால், அடிவாரத்திலுள்ள போடிக்கு வடகிழக்குப் பருவமழையே முதன்மையான மழை. அதனால் கூதிர்தான் எங்களுக்கு ஈரமும் குளிரும் கூடிய காலம். தொல்காப்பியம் குறிஞ்சித் திணைக்குக் கூதிர்காலத்தையும் யாமத்தையும் உரிய பொழுதுகளாகக் கூறுகிறது. மலையும் குளிரும் இரவும் ஒன்றாக எண்ணத்தக்கவை என்பதை எங்கள் ஊரில் வாழ்பவர் எளிதில் உணர்வர்.

இந்தக் காலத்தில்தான் ஏலக்காய்ப் பறிப்பு மிகுந்து நடைபெறுகிறது. ஆடி, ஆவணியில் தொடங்கும் பறிப்பு தை, மாசி வரை தொடர்ந்தாலும் அதன் உச்சம் ஐப்பசியும் கார்த்திகையுமே. ஏலச்செடி இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெருமரங்களின் நிழலில் வளர்வது. காய்கள் மேலே தொங்குவதில்லை. செடியின் அடியில், தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய்க்கின்றன. ஆகவே, பறிப்பவர் நாள் முழுவதும் குனிந்தோ, குந்தியோ இருக்கவேண்டும். எல்லாக் காய்களும் ஒருங்கே முற்றுவதும் இல்லை. 30 முதல் 45 நாட்களுக்கு ஒருமுறை அதே செடிக்கு மீண்டும் வரவேண்டும். இவ்வாறு பறித்த பச்சைக்காய் நான்கு அல்லது ஐந்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும்.

தோட்டங்களிற் பல, 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்துடன் சேர்ந்த இடுக்கிப் பகுதியில் உள்ளன. தொழிலாளர்களோ போடி, தேவாரம், கோம்பை, கம்பம் முதலிய தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து பலர் செல்கின்றனர். விடியுமுன் ஜீப்புகள் புறப்படுகின்றன. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். மலையேறி, மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, மாலையில் இறங்கிவரும் பெண்ணுக்கு வீட்டில் இன்னொரு வேலை காத்திருக்கிறது. அதுதான் இரவுச் சமையல்.

அந்தச் சமையல் ஒரு வேளைக்கு மட்டும் உரியதன்று என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். இரவில் எஞ்சிய சோறு நீரூற்றி வைக்கப்பட்டு மறுநாட்காலைப் பழைய சோறாகிறது. இரவில் வைத்த புளிக்குழம்பு மறுநாள் தூக்குவாளியில் மலையேறுகிறது. புளியின் அமிலத்தன்மை கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பதால், பருப்புச் சாம்பாரைக் காட்டிலும் புளிக்குழம்பு கெடாமல் நிற்கும். வேதியியல் படிக்காத நம் பாட்டிமார் இதைப் பட்டறிவால் கண்டிருந்தனர்.

இனிப் பகிர்வுக்கு வருவோம். எங்கள் தெருவில் அடுத்தடுத்து நான்கு வீடுகள் உண்டு. இரண்டு வீட்டுப் பெண்கள் மலைக்குச் செல்பவர்கள். ஒருவர் ஏலக்காயைத் தரம் பிரிக்கும் கிடங்கில் வேலை செய்பவர். நான்காம் வீட்டில் வயது முதிர்ந்த பெரியம்மா ஒருவர். பறிப்புக் காலத்தில் இந்த நான்கு அடுப்புகளும் நான்கு விதமாக எரிவதில்லை. ஒரு வீட்டில் கொள்ளு வேகும். அதன் நீர் ரசமாகி மற்ற வீடுகளுக்குச் செல்லும். அடுத்த வீட்டில் முருங்கைக்கீரை வதங்கும். வேறொரு வீட்டில் மொச்சைக்கொட்டைக் குழம்பு. பெரியம்மா பூண்டும் மிளகும் தட்டி ஒரு துவையல் அரைப்பார். “மதினி, ரசம் இருக்கா? நம்ம வீட்டுக் கீரை இந்தா” என்ற அளவோடு பேச்சு முடிந்துவிடும். சோறு மட்டும் அவரவர் வீட்டில் வடிக்கப்படும்.

இதில் ஓர் எழுதாச் சட்டம் உண்டு. வாங்கிய கிண்ணம் வெறுங்கிண்ணமாகத் திரும்பாது. திருப்பித் தர உணவு இல்லையென்றால் இரண்டு பச்சை மிளகாயோ, ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ அதில் இருக்கும். இதை எவரும் கடன் என்று சொல்வதில்லை, கணக்கும் வைப்பதில்லை. ஆனாலும் மூன்று நாட்கள் ஒரு வீட்டிலிருந்து கிண்ணம் வராவிட்டால், “அந்த வீட்டில் என்ன குறை?” என்று கேட்க யாரேனும் போவார்கள். நோயும் வேலையின்மையும் தெருவுக்குத் தெரியவருவது பெரும்பாலும் இந்தக் கிண்ணத்தின் வழியாகவே.

இப்பழக்கத்தில் அறிவியலும் உண்டு. நான்கு சிறு பானைகளில் ரசம் வைப்பதைவிட ஒரு பெரிய பானையில் வைத்தால் எரிபொருள் குறைவாகச் செலவாகும். பானை பெரிதாகும்போது உள்ளிருக்கும் பொருளின் அளவு பெருகும் வேகத்துக்கு அதன் மேற்பரப்பு பெருகுவதில்லை; வெப்பம் வெளியேறுவதோ மேற்பரப்பின் வழியாக. வடிவியல் வகுப்பில் நீங்கள் படிக்கும் கனஅளவும் பரப்பளவும் அடுப்பங்கரையில் இவ்வாறு பயன்படுகின்றன. நேரமும் அவ்வாறே மிச்சமாகிறது. களைத்து வந்த பெண் மூன்று பதார்த்தங்கள் சமைக்க இயலாது; ஒன்று சமைக்கலாம். நான்கு பேர் ஒவ்வொன்று சமைத்தால் நான்கு வீட்டிலும் நான்கு பதார்த்தங்கள்.

உடல்நலத்துக்கு இது எவ்வளவு வேண்டியது என்று பாருங்கள். அரிசி முதலிய தானியங்களில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பயறு வகைகளில் அது மிகுதி. பயறுகளிற் குறைவாக உள்ள மெத்தியோனின் தானியங்களில் உண்டு. சோறும் கொள்ளும், சோறும் மொச்சையும் ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கின்றன. வீடுகளும் அப்படித்தான் என்று கூறலாம்.

மலைக்கு அப்பாலிருந்து வந்த உணவும் எங்கள் இரவில் இடம் பெறுகிறது. மரவள்ளிக்கிழங்கு தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதன் பயிரை ஊக்குவித்தார். 1942-இல் பர்மா அரிசி வருவது நின்றபோது திருவிதாங்கூர் மக்களின் பசியைத் தாங்கியது இக்கிழங்கே. தோட்டத்து லயங்களில் தமிழரும் மலையாளிகளும் பக்கத்துப் பக்கத்து வீட்டினர் ஆனபோது, வேகவைத்த கிழங்கு இப்பக்கமும் புளிக்குழம்பு அப்பக்கமும் சென்றன. மாநில எல்லை நிலத்தைப் பிரித்தது, கிண்ணத்தைப் பிரிக்கவில்லை.

ஆனால், உண்மையை முழுமையாகச் சொல்லவேண்டும். சமைத்த உணவு எல்லா வாசல்களிலும் தடையின்றி நுழைந்ததில்லை. கீரையும் புளியும் சென்ற வீட்டுக்குக் குழம்பு செல்லாத தெருக்கள் இருந்தன. சாதியின் பெயரால் எழுந்த அச்சுவர் இன்னும் முற்றும் இடிந்துவிடவில்லை. ஒரே ஜீப்பில் நெருக்கியமர்ந்து சென்று, ஒரே மரத்தடியில் தூக்குவாளியைத் திறப்பவர்கள், மாலையில் ஊர் திரும்பியதும் தனித்தனித் தெருக்களில் மறைந்துவிடுகின்றனர். மலையில் பகலில் இயல்வது ஊரில் இரவில் ஏன் இயலவில்லை என்ற வினாவை உங்கள் தலைமுறை எழுப்ப வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஏலக்காய் இவ்வுணவில் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நாளுணவில் அதற்கு இடமில்லை. அரபு நாடுகளில் அது காப்பியில் மணக்கிறது. ஸ்காந்திநேவிய நாடுகளில் ரொட்டியில் மணக்கிறது. போடியிலும் கேரளத்துப் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடைபெறுகிறது. ஏலம் ஏலம் போகும் ஊர் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பறிப்பவர் வீட்டிலோ அது கைகளிலும் சேலையிலும் மணமாக மட்டும் வந்து சேர்கிறது. பாயசம் வைக்கும் நாளன்று நாலைந்து காய் அடுப்பங்கரைக்கு வரும்.

அடுப்பங்கரையில் கடைசியாக உண்பவர் யார்? சமைத்தவரே. 2019–21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. குழந்தைகளுக்கும் ஆடவருக்கும் இட்டது போக, சட்டியின் அடியில் கீரை எவ்வளவு மிஞ்சும் என்பதையும் இந்த எண்ணோடு சேர்த்து எண்ணிப்பார்க்க வேண்டும். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றில் உள்ள வைட்டமின் சி அதற்குத் துணைசெய்யும். உணவோடு பருகும் தேநீர் அதைத் தடுக்கும். ஆதலால், குளிருக்கு இதமான தேநீரை உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் கழித்துப் பருகுவது நன்று. எலுமிச்சையையும் அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே பிழியவேண்டும். கொதிக்கவிட்டால் அச்சத்து குறைந்துவிடும்.

பகிர்ந்துண்ணும் வழக்கத்தில் நான் கண்ட சிறப்பு ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. அடுத்த வீட்டிலிருந்து வரும் கிண்ணம் பெரும்பாலும் எல்லோரும் உண்ட பிறகே வந்து சேரும். அந்நேரத்தில் உண்ண அமர்பவர் அவ்வீட்டுப் பெண். தன் வீட்டுச் சட்டியில் தனக்கு மிஞ்சாத கீரை அவளுக்கு அடுத்த வீட்டுக் கிண்ணத்தில் கிடைக்கிறது. அதை அனுப்பியவளும் அவளைப் போலக் கடைசியாக உண்பவளே; அதனால் எப்போது அனுப்பவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

மாணவர்களே, இந்தப் பொறுப்பை அடுத்த வீட்டுக் கிண்ணத்துக்கே விட்டுவிடலாமா? இன்றிரவு உங்கள் வீட்டில் பரிமாறும்போது, சமைத்தவருக்கு உரிய கீரையையும் பயற்றையும் முதலிலேயே ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினால் நீங்களே கொண்டுபோங்கள். அது எந்த வீடானாலும் தயங்காமல் வாசலேறிச் செல்லுங்கள்.