மூப்பும் மரபணுவின் ஒழுங்கும்

ஆண்டு பல ஆகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் யாது என வினவினோர்க்குப் பிசிராந்தையார் தந்த விடை புறநானூற்றில் உள்ளது. நல்ல மனைவி, அறிவுடைய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாத வேந்தன், சான்றோர் வாழும் ஊர் என்பன அவர் காட்டிய காரணங்கள். ஒத்த அகவையினர் ஒரே வகையாக மூப்படைவதில்லை என்னும் உண்மை இதில் அடங்கியுள்ளது. இன்றைய உயிரியலார் இவ்வேறுபாட்டை உடலின் உள்ளேயே, அணுவுக்கு அணு ஆராய்கின்றனர்.

1896-இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டது முதல், பால்மரம் இப்பகுதித் தமிழர் வாழ்வோடு இணைந்தது. ஒரே தாய்மரத்தின் மொட்டுகளைக் கொண்டு ஒட்டுக்கட்டிய மரங்கள், ஒட்டுக்கு மேலே ஒரே மரபணுக்களை உடையவை. ஆயினும் ஒரே நிரையில் ஒரு மரம் மிகுதியாகவும் மற்றொன்று குறைவாகவும் பால் தருவதுண்டு. வேரும் மண்ணும் வெயிலும் வேறுபடுகின்றன அல்லவா? மரபு ஒன்றாயிருத்தல் வேறு. பயன் ஒன்றாயிருத்தல் வேறு.

மனித உடலிலும் அணுக்கள் பெரும்பாலும் ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்டுள்ளன. அத்தொகுதியை ஒரு நூலாகக் கொள்வோம். ஒவ்வோர் அணுவும் தனக்கு வேண்டிய பகுதியை மட்டும் படியெடுக்கிறது. ஆர்.என்.ஏ. எனப்படும் அப்படியைக் கொண்டு புரதம் உருவாகிறது. எப்பகுதியை, எத்துணைப் படிகள் எடுப்பது என்பதே மரபணு வெளிப்பாடு.

2006-இல் யான் வைக் குழுவினர், இளைய சுண்டெலிகளின் இதய அணுக்களையும் முதிய சுண்டெலிகளின் இதய அணுக்களையும் தனித்தனியே அளந்தனர். முதியவற்றில் அணுவுக்கு அணு வேறுபாடு மிகுந்திருந்தது. வகுப்பின் சராசரி மதிப்பெண், மாணவரிடையே உள்ள ஏற்றத்தாழ்வைக் காட்டாது. அதுபோல, அணுக்களை ஒன்றாகக் கலந்து அளந்தால் இவ்வேறுபாடு புலப்படாது. ஆனால், இஃது எல்லா அணுக்களுக்கும் பொது விதியன்று. 2007-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இரத்த அணு வகைகள் சிலவற்றில் இத்தகைய மிகுதியைக் காணவில்லை. 2017-இல் சுண்டெலிகளின் நோய்த்தடுப்பு அணுக்களை ஆராய்ந்தோர், தூண்டியவுடன் இளைய அணுக்கள் ஒருங்கே செயற்படுவதையும், முதிய அணுக்களில் அவ்வொருமை குலைவதையும் கண்டனர். முதுமையில் நோயெதிர்ப்புத் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

வாழ்க்கை முறைக்கும் இதில் பங்குண்டோ? 2005-இல் ஸ்பெயின் நாட்டு மானெல் எஸ்டெல்லர் குழுவினர், ஒருகரு இரட்டையர் 40 இணையரை ஆராய்ந்தனர். மரபணுக்களின் செயலை அடக்கவும் தூண்டவும் வல்ல வேதிக்குறிகள் இளம் இரட்டையரிடம் பெரிதும் ஒத்திருந்தன. முதியோரிடம், சிறப்பாக நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்தோரிடம், அவை மிகவும் வேறுபட்டன.

ஆகவே மூப்பு என்பது தேய்வு மட்டுமன்று. ஒருமை குலைதலும் ஆகும். அறுபதைக் கடந்தோர் அனைவரையும் ஒரே அளவுகோலால் அளத்தல் பொருந்தாது. உணவாயினும் மருந்தாயினும் உழைப்பாயினும், அவரவர் உடலறிந்து அளித்தலே முறை. பிசிராந்தையார் தம் நரையின்மைக்கு வாழ்வையும் சூழலையும் காரணமாகக் காட்டியது ஆழ்ந்து எண்ணத்தக்கது.