வெள்ளைக் கொடியின் பொருள்

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற நமது ஆரணி, போரையும் கண்ட ஊர். 1751-இல் சந்தா சாஹிபின் மைந்தரது படை, பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்து ராபர்ட் கிளைவுடன் மோதியது இங்குதான். 1782-இல் ஹைதர் அலீயும் ஆங்கிலத் தளபதி கூட்டும் பொருதியதும் இங்குதான். போர் என்றதும் வெற்றிக் கொடிகளே நம் நினைவுக்கு வருகின்றன. உயிர் காக்கும் கொடி ஒன்றும் உண்டு. அதுவே வெள்ளைக் கொடி.

அதனைத் தோல்வியின் அடையாளமாக மட்டுமே பலர் கருதுகின்றனர். "தாக்காதீர், பேச விரும்புகிறோம்" என்பதும் அதன் பொருளாகும். 1899, 1907 ஆம் ஆண்டுகளின் ஹேக் போர் விதிகள், அக்கொடியுடன் பேச வருபவரைத் தாக்கலாகாது என்கின்றன. அதனைக் காட்டி எதிரியை ஏமாற்றுவதையும் தடுக்கின்றன. இருதரப்பும் வாக்கைக் காக்காவிடில் அது வெறும் துணியே.

இலங்கைப் போரின் இறுதியில், 2009 மே 18 அன்று, முள்ளிவாய்க்காலில் வெள்ளைக் கொடியுடன் சரணடையச் சென்ற நடேசன், புலித்தேவன் முதலியோர் கொல்லப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அரசு மறுத்தது. படையினர் அவர்களைக் கொன்றிருக்கலாம் என நம்ப நியாயமான காரணங்கள் உள்ளன என்றும், மேலும் விசாரணை தேவை என்றும் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2015 அறிக்கை கூறியது.

இஸ்லாம் இவ்வாக்குறுதியை 'அமான்' என்கிறது. அபயம் தேடிவரும் இணைவைப்பாளரையும் பாதுகாப்பான இடத்தில் சேர்க்குமாறு திருக்குர்ஆன் (9:6) பணிக்கிறது. மக்கா வெற்றியின்போது உம்மு ஹானீ (ரலி) என்னும் பெண்மணி அளித்த அடைக்கலத்தை, அவர்தம் சகோதரர் அலீ (ரலி) ஏற்க மறுத்தபோதும், பெருமானார் (ஸல்) அவர்கள் அங்கீகரித்தார்கள். போர்க்களத்தில் கலிமா மொழிந்தவரை, அச்சத்தால் மொழிந்தார் எனக் கருதிக் கொன்ற உஸாமா (ரலி) அவர்களிடம், அவருடைய நெஞ்சைப் பிளந்து பார்த்தீரா என்று வினவினார்கள். பணிந்து வந்தவரின் உள்நோக்கத்தை ஆராய்வது நம் வேலையன்று.

சகோதர சகோதரிகளே! பாகப்பிரிவினையால் பேச்சற்றுப் போன உடன்பிறந்தார் நம்மிடையே இல்லையா? சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குதல் ஆகாது. ஸலாமை முந்திச் சொல்பவரே சிறந்தவர் என்பது நபிமொழியின் கருத்து. இல்லங்களில் ஸலாமே வெள்ளைக் கொடி. அதனை ஏந்தி வருபவரிடம் பழைய கணக்கைப் புரட்டுவோர், கொடியேந்தியவரைத் தாக்கியவரே ஆவர்.

அடைக்கலம் நாடி வருவோரை அரவணைக்கும் நெஞ்சத்தை அல்லாஹ் நமக்கு நல்குவானாக! ஆமீன்.