வெள்ளாட்டுப் பாற்கட்டியும் வெள்ளைப்பூண்டும்

பெங்களூரில் அல்சூரை அடுத்த ஜோகுபாளையம் போன்ற இடங்களில் வாழும் நம்மவர்க்குக் காலையில் ரொட்டி உண்பது பழகிவிட்டது. அதன்மேல் தடவ வெண்ணெய்தான் வேண்டுமென்பதில்லை. வெள்ளாட்டுப் பால் கிடைக்குமாயின் பாற்கட்டியை இல்லத்திலேயே ஆக்கிக்கொள்ளலாம்.

பாலைப் பொங்கக் காய்ச்சுதல் இன்றியமையாதது. மால்டாத் தீவில் படைவீரரை வாட்டிய காய்ச்சலின் கிருமியைக் கண்டறிந்து 1887-ல் வெளியிட்டவர் டேவிட் புரூஸ். வெள்ளாடுகளே அதற்கு உறைவிடம் என்பதைத் தெமிஸ்டோக்ளிஸ் சாமித் 1905-ல் கண்டார். காய்ச்சாத பாலின் வழியே அது மக்களைப் பற்றியது. விட்டுவிட்டு வரும் அக்காய்ச்சல் மூட்டுவலியையும் தரும்; நம் நாட்டிலும் உண்டு. பச்சைப் பாலே உடலுக்கு உரமென்பார் சொல்லை நம்பவேண்டா.

ஒரு லிட்டர் பால் பொங்கியதும் இறக்கி, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றைச் சிறுகச் சிறுக விட்டுக் கிளறுக. திரியாவிடில் இன்னும் சற்றுச் சேர்க்கலாம். ஆட்டுப் பாலின் திரட்டு மிக மென்மையானது. ஆதலின் நெருக்கமாக நெய்த துணியை வெந்நீரில் அலசி, அதில் வடித்து ஒரு மணி நேரம் தொங்கவிடுக. இறுகப் பிழிந்தால் வறண்டுபோம், தடவ வராது.

தோலோடு சுட்ட நான்கு பூண்டுப் பற்களை உரித்து, உப்பும் மிளகுத்தூளும் கூட்டி அதனுடன் மசிக்கவும். பச்சைப் பூண்டும் இடலாம்; ஆயின் அதன் காரம் பாற்கட்டியின் சுவையை விழுங்கிவிடும். குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளைக்குள் உண்டுவிடுக. வடிந்த நீர் ரசத்துக்கு ஆகும்.