கழுத்தளவு சொல்லும் மாதம்

வட அமெரிக்கக் காடுகளில் வாழும் வெள்ளைவால் மானின் கழுத்து ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. செப்டம்பரில் மெலிந்து நீண்டிருக்கும் ஆண் மானின் கழுத்து, நவம்பர் நடுவில் தாடைக்குக் கீழிருந்தே தடித்துத் தோளோடு ஒன்றிப்போய்விடும். காட்டில் அதைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இது கண்ணில் படும் ஒரு மாற்றம். இறந்த மானைப் பாடம் செய்து சுவரில் நிறுத்துபவருக்கோ வேலையின் முதல் கேள்வியே இதுதான்: இந்த மானின் கழுத்து எத்தனை அங்குலம்?

பாடம் செய்த மான் தலையில் மானுடையதென்று எஞ்சியிருப்பது மிகக் குறைவு. தோல் உண்மையானது. கொம்பும், கொம்பு முளைத்த மண்டையோட்டின் சிறு துண்டும் உண்மை. கண் கண்ணாடி. தோலுக்குள் இருக்கும் கழுத்து, தோள், முகம் எல்லாமே பாலியூரித்தேன் நுரையில் வார்த்த ஒரு திட உருவம். அமெரிக்காவில் இதை ஃபார்ம் என்பார்கள். இவற்றை அளவுவாரியாக வார்த்து விற்கும் நிறுவனங்களின் விலைப்பட்டியல்களில், வெள்ளைவால் மானுக்கு மட்டும் பக்கம் பக்கமாக ஃபார்ம்கள் உண்டு. நிமிர்ந்து நோக்கும் தலை, தாழ்த்திப் பதுங்கும் தலை, இடப்பக்கம் திரும்பியது, வலப்பக்கம் திரும்பியது என்று நிலைகள் வேறு. தையற்காரர் உடம்பை அளந்து துணி வெட்டுவார். இங்கே துணி ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது, அதற்குப் பொருந்தும் உடம்பைத்தான் தேட வேண்டும்.

அந்தத் தேடலுக்கு மூன்று எண்கள் போதும். மூக்கு நுனியிலிருந்து கண்ணின் முன் ஓரம் வரை உள்ள நீளம் முதலாவது. காதுகளுக்குச் சற்றுப் பின்னால், மண்டையோடு கழுத்தெலும்போடு சேரும் இடத்தில் எடுக்கும் சுற்றளவு இரண்டாவது. அதிலிருந்து சில அங்குலம் கீழே இறங்கி எடுக்கும் சுற்றளவு மூன்றாவது. ஏழேகால், பதினெட்டு, இருபது என்று மூன்றையும் வரிசையாகச் சொன்னால், தொழில் தெரிந்தவர் மனத்தில் ஒரு மான் வந்து நின்றுவிடும். முதல் எண் எலும்பைப் பற்றியது. வளர்ந்த மானில் அது பருவத்துக்குப் பருவம் மாறாது. மற்ற இரண்டும் தசையைப் பற்றியவை, சிக்கல் முழுவதும் அங்கேதான்.

கழுத்தைத் தோலின் மேல் அளக்கக் கூடாது. குளிர்கால ரோமத்தின் அடர்த்தி அளவைக் கூட்டிக் காட்டும். தோலை உரித்த பிறகு, தசையின் மேல் நாடாவைச் சுற்றி, இறுக்காமலும் தொய்யவிடாமலும் படிய வைத்துப் பார்க்க வேண்டும். கொம்பில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மானை அளந்தால், உடலின் எடை கழுத்தை இழுத்து நீட்டி மெலியவைத்திருக்கும். அதனால் தரையிலோ மேசையிலோ இயல்பாகக் கிடத்தி அளப்பதே சரி. வேட்டைக்காரர் உடலைக் கொண்டுவராமல் தோலை மட்டும் கொண்டுவந்தால் பாடம் செய்பவரின் பாடு அதிகம். பதப்படுத்திய தோலை மேசைமேல் மடித்துப் போட்டு அளந்து, உள்ளே இருந்த கழுத்தை ஊகிக்க வேண்டும். ஈரத்தோல் எளிதில் ஏமாற்றும். அகலவாக்கில் இழுத்தால் இரண்டு அங்குலம் கூடக் கொடுக்கும், ஆனால் அந்த அளவுக்கு நீளத்தில் சுருங்கிக்கொள்ளும்.

அளவு பிசகினால் என்ன ஆகும்? ஃபார்ம் பெரிதாகிவிட்டால் பிடரியில் போட்ட தையல் சேராது. வலிந்து இழுத்துத் தைத்தாலும், காயும்போது தோல் சுருங்கித் தையலைப் பிரித்துவிடும். கழுத்துப் பள்ளங்களிலும் கண்ணோரத்திலும் பசையை விட்டு எழும்பி, பறைத்தோல்போல விறைத்து நிற்கும். ஃபார்ம் சிறியதானால் மிஞ்சிய தோலில் இயற்கையில் இல்லாத இடங்களில் மடிப்பு விழும். தேர்ந்த கைக்காரர்கள் நுரையை அரம் போட்டுத் தேய்த்தும், களிமண் அப்பியும் ஓரளவு சரிசெய்வார்கள். கழுத்துக் கணக்கே தவறாக இருந்தால் அதற்கு ஒட்டுவேலை உதவாது.

இனி அந்தக் கழுத்து ஏன் தடிக்கிறது என்பதற்கு வருவோம். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கோடை முடிந்து பகல் குறையத் தொடங்கியதும், இரவில் சுரக்கும் மெலடோனின் வழியாக மானின் மூளை அதை அறிந்துகொள்கிறது. ஆண் மானின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது. கோடை முழுதும் கொம்பை மூடி, இரத்தம் ஊட்டி வளர்த்த மென்தோல் காய்ந்து உரிகிறது. கழுத்துத் தசைகள் அந்த ஹார்மோனுக்கு மற்றத் தசைகளைவிட வேகமாக இணங்கித் தடிக்கின்றன. மரங்களில் கொம்பைத் தேய்ப்பதும், பிற ஆண்களோடு கொம்பு கோத்துத் தள்ளுவதும் அவற்றுக்கு மேலும் வலுவூட்டுகின்றன. எதிராளியின் முழு எடையையும் தாங்கி முறுக்கும் வேலை கழுத்துக்குத்தான் இருக்கிறது. இணைசேரும் காலம் முடியும்போது, இரை மறந்து அலைந்த ஆண் மான் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட இழந்திருக்கும். கழுத்து வடிகிறது. டெஸ்டோஸ்டிரோன் இறங்க, கொம்பும் விழுந்துவிடுகிறது.

பல அமெரிக்க மாநிலங்களில் வில் வேட்டை செப்டம்பர், அக்டோபரிலேயே தொடங்கிவிடும், துப்பாக்கிக் காலம் பெரும்பாலும் நவம்பரில் வரும். ஒரே காட்டில், ஒரே வயது மான்களுக்கு வெவ்வேறு ஃபார்ம் தேவைப்படுவது இதனால்தான். இடமும் கணக்கில் சேரும். ஃபுளோரிடாவின் தென்கோடித் தீவுகளில் வாழும் கீ மான்களில் ஆணின் எடை முப்பது கிலோ அளவில் நின்றுவிடும். கனடா எல்லையோர மான்கள் நூறு கிலோவைத் தாண்டும். குளிர் மிகுந்த நாட்டில் பேருடல் வெப்பத்தைக் காக்கும் என்ற பெர்க்மன் விதிக்கு இந்த இனம் நல்ல சான்று.

அளக்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஒரு வால்ரஸ் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைப் பாடம் செய்தவர்கள் உயிருள்ள வால்ரஸைப் பார்த்ததில்லை. தோலின் மடிப்புகள் இயல்பானவை என்று தெரியாமல், சுருக்கமே இல்லாதபடி திணித்து நிரப்பிவிட்டார்கள். இந்த வழக்கத்தை மாற்றியவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான கார்ல் ஏக்லி. எலும்புகளை நிறுத்தி, அவற்றின்மேல் களிமண்ணால் தசைகளை உருவாக்கி, அதிலிருந்து அச்செடுத்து, எடை குறைந்த உள்ளீடற்ற உடலை வார்த்தார். இன்றைய நுரை ஃபார்ம் அந்த முறையின் வாரிசு. அவர் செய்த வெள்ளைவால் மான்களின் நான்கு பருவக் காட்சிகள் 1902-ல் சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்கு வந்தன. காட்சியிலுள்ள செடிகளுக்கு ஆயிரக்கணக்கான மெழுகு இலைகளைச் செய்ததில் அவர் மனைவி டீலியாவின் உழைப்பு பெரிது. கோடை மானின் செந்நிறமும் குளிர்கால மானின் சாம்பல் பழுப்பும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரே விலங்கு நான்கு பருவத்துக்கு நான்கு உடல்கள் எடுக்கிறது என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

நம் பக்கத்தில் மைசூரின் வான் இங்கன் பட்டறை இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் புலிகளையும் சிறுத்தைகளையும் பாடம் செய்து பேர்பெற்றிருந்தது. 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் காலத்தை முடித்துவைத்தது. அது முடிந்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. இன்று மானைச் சுடுவது இங்கே குற்றம். ஆனால் பழைய உருவங்கள் நம் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, அவை படித்தறிய வேண்டியவை. அடுத்த முறை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் விலங்கியல் பகுதிக்குப் பிள்ளைகளைக் கூட்டிச்செல்லும்போது, எந்த மானின் முன்னும் சற்று நில்லுங்கள். முதலில் கொம்பைப் பாருங்கள், பிறகு கழுத்தை. கொம்பு இன்னும் மென்தோல் மூடியிருக்க, கழுத்து மட்டும் போருக்குத் தயாரானதுபோல் தடித்திருந்தால், செய்தவர் அளவெடுக்கவில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.