மேற்கோள் இடத்தில் கேள்விக்குறி ஏன்?

லாடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதிய கட்டுரையை முதல்முறை ஓட்டினால், மேற்கோள் எண் வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறிதான் நிற்கும். ஏன்? அந்தச் சுற்றில் லாடெக், எந்தெந்த நூல்கள் கேட்கப்பட்டன என்று ஒரு துணைக்கோப்பில் குறித்து மட்டுமே வைக்கிறது. 1985-இல் வெளிவந்த பிப்டெக் என்னும் துணைநிரல் அந்தக் குறிப்பைப் படித்து, தரவுக்கோப்பிலிருந்து நூல் விவரங்களை எடுத்துப் பட்டியலாக்குகிறது. லாடெக்கை இன்னும் இருமுறை ஓட்டினால் எண்கள் இடத்தில் அமரும்.

பட்டியலின் தோற்றத்தைத் தீர்மானிப்பது தனியொரு பாணிக்கோப்பு. ஆண்டு அடைப்புக்குள் வரவேண்டுமா, தலைப்பு சாய்வெழுத்திலா என்பதெல்லாம் அதில்தான். அதன் மொழி, மதிப்புகளை முதலில் அடுக்கிவிட்டுச் செயலைக் கடைசியில் சொல்லும்; அது புதியவர்களைத் திணறடித்துவிடும். பின்னால் வந்த பிப்லாடெக் தொகுப்பு, பாணியை லாடெக் கட்டளைகளாலேயே எழுத வழிசெய்தது பெரிய விடுதலை. பல சின்ன மாற்றங்களுக்கு இரண்டொரு வரி போதும்.

பெயர்களில்தான் கூடுதல் கவனம் தேவை. தரவுக்கோப்பில் ஆசிரியர் இடத்தில் ‘வேர்ல்டு ஹெல்த் ஆர்கனைசேஷன்’ என்று ஒரு சோடி நெளிவடைப்புக்குள் இட்டால், கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயராகக் கொண்டு ‘ஆர்கனைசேஷன், டபிள்யூ. ஹெச்.’ என்று அச்சிடும் பாணிகள் உண்டு. முழுப்பெயரையும் இன்னொரு சோடி நெளிவடைப்புக்குள் பூட்டுங்கள். மென்பொருள் அதைப் பிரிக்காது.