கேட்கத் தெரிந்த தலைமை

வயலில் இறங்கி நிற்பவருக்கே எந்த வரம்பில் நீர் கசிகிறது என்பது முதலில் தெரியும். அதை அவர் வாய் திறந்து சொல்வாரா என்பது மேலே இருப்பவரின் நடத்தையைப் பொறுத்தது. இதற்கு ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பிறீமொன்ற் நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் கார்த் தொழிற்சாலை ஒன்று இருந்தது. நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் ஓயாத பகை. வேலைக்கு வராதோர் பலர். குறைபாடுள்ள கார்களும் பல. 1982இல் அது மூடப்பட்டது. 1984இல் ஜப்பானின் ரொயோட்டா கம்பனியும் ஜெனரல் மோட்டர்சும் கூட்டாக அதனை மீண்டும் இயக்கின. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களிற் பெரும்பாலானோர் பழைய தொழிலாளரே. ஆயினும் விரைவிலேயே கார்களின் தரம் உயர்ந்தது. வேலைக்கு வராதோர் தொகையும் வெகுவாகக் குறைந்தது.

மாறியது என்ன?

முதலாவது, தொழிலாளர் சிறு குழுக்களாக வேலை செய்தனர். குழுத் தலைவரும் ஒரு தொழிலாளியே. ஏவுவதல்ல, உதவுவதே அவர் கடமை. மேலதிகாரிகளுக்கெனத் தனிச் சாப்பாட்டறை இருக்கவில்லை.

இரண்டாவது, கார்கள் நகர்ந்து செல்லும் வரிசையின் அருகே ஒரு கயிறு இருந்தது. பிழையைக் கண்ட எவரும் அதை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் வருவார். இருவரும் சேர்ந்து சரிசெய்ய முடியாவிட்டால் முழு வரிசையும் நிற்கும். முன்பு வரிசையை நிறுத்துவது பெருங் குற்றம். இப்போது "யார் செய்தது?" என்ற கேள்வி போய், "ஏன் நடந்தது?" என்ற கேள்வி வந்தது.

மூன்றாவது, யோசனை சொன்னால் தம் வேலையே போய்விடும் என்ற பயம் குறைந்தது. 1980களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோது எவரும் நிறுத்தப்படவில்லை. அவர்களுக்குப் பயிற்சியும் சீர்திருத்த வேலைகளும் கொடுக்கப்பட்டன.

2009இல் ஜெனரல் மோட்டர்ஸ் முறிவடைந்து கூட்டிலிருந்து விலகியது. 2010இல் தொழிற்சாலை மூடப்பட்டது. நல்ல தலைமை எல்லா ஆபத்தையும் தடுத்துவிடாது. ஆனால் அதே மனிதரிடம் மறைந்திருந்த அறிவை அது வெளிக்கொணர்ந்தது என்பதை மறுக்க முடியாது.

இடம்பெயர்ந்து, பிறர் காணியில் கூலிக்கு நின்றவர்களுக்குத் தம் அறிவைக் கேட்க ஆளில்லாத வேதனை நன்கு தெரியும். ஆகவே நமது சங்கங்களிலும் தோட்டக் குழுக்களிலும் தலைமை ஏற்கும்போது நாம் மூன்றைக் கவனிப்போம். பேசாதிருப்பவரிடம், விசேடமாகப் பெண்களிடமும் இளையோரிடமும், முதலிற் கேட்போம். பிழையைச் சொன்னவரை ஏசாதிருப்போம். சொன்ன யோசனை என்னவாயிற்று என்பதை அடுத்த கூட்டத்தில் அவருக்கே அறிவிப்போம்.

கயிற்றைக் கட்டுவது எளிது. அதை இழுத்தவருக்கு நன்றி சொல்வதுதான் கடினம்.