முட்டை நுரையில் ஒரு வேதியியல்

முட்டையின் வெண்கரு, சர்க்கரை, காற்று. இம்மூன்றைத் தவிர வேறெதுவும் சேராத தின்பண்டம் ஒன்று உண்டென்றால் நம்புவீர்களா? மாவு இல்லை, வெண்ணெய் இல்லை, ஈஸ்டும் இல்லை. பிரெஞ்சு நாட்டார் இதனை ‘மெராங்’ என்பர். 1692ஆம் ஆண்டு பிரான்சுவா மாசியலோ என்னும் பிரெஞ்சுச் சமையல் வல்லுநர் வெளியிட்ட நூலிலேயே இப்பெயர் அச்சேறிவிட்டது. எனக்கோ அது சென்ற பருவத் தேர்வு விடுமுறையில்தான் அறிமுகமாயிற்று.

பழனியிலிருந்து மலைப் பேருந்தில் கோடைக்கானல் சென்றேன். சுற்றுலாவுக்கு அன்று. அங்கே ஒரு பேக்கரியில் என் அண்ணன் வேலை பார்க்கிறார். எட்டாம் வகுப்போடு நின்றவர். அவர் சம்பளத்தில்தான் நான் பி.எஸ்ஸி. படிக்கிறேன். பிரெஞ்சு இயேசு சபைத் துறவி சேன்-சீர் 1866இல் எழுப்பிய சலேத் மாதா கோயிலைப் பார்த்துவிட்டு வந்தபோது, தட்டு நிறைய வெள்ளைக் குவியல்களாக இப்பண்டத்தை வைத்திருந்தார். வாயிலிட்டேன், மொறுமொறுவென்று நொறுங்கி, அடுத்த கணமே கரைந்து போயிற்று.

அண்ணன் கேட்டார்: “ஏன் தம்பி, மஞ்சக்கரு ஒரு சொட்டு விழுந்தாக்கூட நுரை எழும்ப மாட்டேங்குது?” இது வெறும் ஆர்வத்தால் எழுந்த கேள்வியன்று. ஒரு தட்டு கெட்டால் முட்டை விலை அவர் சம்பளத்தில் பிடிக்கப்படும்.

வெண்கருவில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீர். எஞ்சிய பத்தும் பெரும்பாலும் புரதமே. ஒவ்வொரு புரத மூலக்கூறும் நூற்கண்டு போலச் சுருண்டு கிடக்கிறது. கம்பி மத்தால் அடிக்கும்போது கண்டு பிரிகிறது. பிரிந்த இழையில் நீரை விரும்பும் பகுதிகளும் உண்டு, நீரை வெறுக்கும் பகுதிகளும் உண்டு. முன்னவை நீர்ப்பக்கமும் பின்னவை காற்றுப் பக்கமும் திரும்பி நிற்க, இழைகள் ஒன்றோடொன்று கைகோத்துக் காற்றுக் குமிழைச் சுற்றி வலை பின்னுகின்றன. தேர்வுக்கு ‘புரதத்தின் இயல்பு மாற்றம்’ என்று நாம் மனப்பாடம் செய்வது இதைத்தான்! மஞ்சள் கருவிலுள்ள கொழுப்பு, புரதம் நிற்க வேண்டிய இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. வலை அறுகிறது, நுரை அமர்கிறது. பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் இதே கதிதான்.

அளவு மீறி அடித்தால் இழைகள் மிக இறுகி, நுரை திரிந்து நீர் விடும். சில துளி எலுமிச்சைச் சாறு இதைத் தடுக்கும். பிரெஞ்சுச் சமையற்காரர்கள் செம்புப் பாத்திரத்தை நாடியதும் இதற்கே. செம்பு நுரையை உறுதியாக்குவதை ஹரால்ட் மக்கீயும் துணைவர் இருவரும் ஆராய்ந்து 1984இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். அண்ணனிடம் இருப்பது எவர்சில்வர் வாளி. ஆகவே எலுமிச்சையே துணை.

சர்க்கரையை நுரை எழும்பிய பின்னரே, சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். முதலிலேயே கொட்டினால் கண்டு பிரியத் தாமதமாகும். பிறகு ஏறக்குறைய 100 பாகை செல்சியஸ் மெல்லிய சூட்டில், சுடுவது என்பதைவிட உலர்த்துவது என்றே சொல்ல வேண்டும். சூடு கூடினால் சர்க்கரை பழுப்பேறும்.

மலையில் இன்னொரு சங்கடம். கோடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றழுத்தம் குறைவு, நீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும். அடுப்பில் குமிழ்கள் சமவெளியைவிட மிகுதியாக விரியும். ஆகவே நுரையை விறைத்துப் போகும்வரை அடிக்காமல் சற்று முன்னரே நிறுத்துவது நலம். அதைவிடக் கொடியது மூடுபனி! சர்க்கரை காற்றின் ஈரத்தை ஈர்ப்பதால், மொறுமொறுப்பு சில மணி நேரத்தில் பிசுபிசுப்பாகிவிடும். அணைந்த அடுப்பிலேயே இரவெல்லாம் விட்டு, விடிந்ததும் டின்னில் அடைப்பது அண்ணனின் வழக்கம். இதற்கு விளக்கம் சொல்லத்தான் என்னால் முடிந்தது. வழியை அவரே கண்டுபிடித்திருந்தார்.

இந்தக் குடும்பத்தின் நெருங்கிய உறவு நம் தூத்துக்குடியிலேயே இருக்கிறது. அதுதான் மக்ரூன். ஐரோப்பாவில் பாதாம் பருப்பு சேர்ப்பார்கள். இங்கே முந்திரிப் பொடி. பிரேசிலின் முந்திரியை 16ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர். கூம்பாகப் பிழிந்து, நுனியை வாலாக இழுத்துவிடும் அழகே தனி! அண்ணனுக்கென்று ஒரு பொட்டலம் வாங்கி அனுப்பியிருக்கிறேன். பிரித்த அன்றே தின்றுவிடும்படியும் சொல்லியிருக்கிறேன். கோடை மழையில் அது மறுநாள் வரை தாங்காது.